ஆட்டோவா, 5 மட்டுமா? வைஃபை ஹேண்ட்செட்டில் பேண்ட் தேர்வும் ரோமிங்கும்

நின்ற இடத்தில் பேசினால் குரல் தெளிவாக இருக்கும். வார்டைத் தாண்டி நடந்தால் வெட்டி வெட்டிக் கேட்கும். மருத்துவமனை, குடோன், ஹோட்டல் என்று வைஃபை ஹேண்ட்செட் புழங்கும் இடங்களில் அடிக்கடி வரும் புகார் இது. எல்லோரும் முதலில் வைஃபை சிக்னல் தரும் பெட்டியான ஆக்சஸ் பாயிண்டைத்தான் சந்தேகிப்பார்கள். எந்த அலைவரிசையில் பேசுவது என்று தேர்ந்தெடுக்கும் ஹேண்ட்செட்டின் பேண்ட் மெனுவைத் திறந்து பார்க்க யாருக்கும் தோன்றாது.

அந்த மெனுவில் பொதுவாக மூன்று வழிகள் உண்டு: 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும், 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும், ஆட்டோ. சிஸ்கோ 7925 போன்ற பழைய மாடல்களில் ஆட்டோவே மூன்று தினுசு: 5-க்கு முன்னுரிமை, 2.4-க்கு முன்னுரிமை, எது பலமாகக் கேட்கிறதோ அது.

வம்பு கடைசி தினுசில்தான். ஒரே ஆக்சஸ் பாயிண்ட், ஒரே பவர், ஒரே தூரம் என்றாலும் 5 கிகாஹெர்ட்ஸ் சிக்னல் சுமார் 7 டெசிபல் குறைவாகத்தான் வந்து சேரும். 2.4-இல் -58 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்கப் பலம்) காட்டும் இடத்தில் 5-இல் -65 காட்டும். பேச்சுக்கு -65 தாராளம். ஆனால் ஹேண்ட்செட்டுக்கு அது தெரியாதே! பெரிய எண்ணைப் பார்த்து 2.4-க்குப் போய்விடும். அங்கே புளூடூத், மைக்ரோவேவ் அடுப்பு, நோயாளியைப் பார்க்க வந்தவர்களின் ஹாட்ஸ்பாட் எல்லாம் முண்டியடிக்கும். ஆட்டோவை விடவே முடியாது என்றால், ஆக்சஸ் பாயிண்டில் 2.4 பவரை 5-ஐவிட 6 அல்லது 7 டெசிபல் குறைத்து வையுங்கள்.

ஆட்டோவுக்கு இன்னொரு விலையும் உண்டு: நடக்கும்போது அடுத்த ஆக்சஸ் பாயிண்டைத் தேடும் நேரம். சாதாரண சேனலில் ஹேண்ட்செட் 'யாராவது இருக்கிறீர்களா' என்று கேட்டு, சில பத்து மில்லிசெகண்டில் பதில் வாங்கிவிடும். ரேடாருக்கு வழிவிட வேண்டிய 52 முதல் 144 வரையிலான டிஎஃப்எஸ் சேனல்களில் அப்படிக் கேட்கக் கூடாது. ஆக்சஸ் பாயிண்ட் தானாகவே அனுப்பும் 'நான் இருக்கிறேன்' என்ற பீக்கன் வரும்வரை காத்திருக்க வேண்டும். அது வருவதோ 102.4 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. அப்படி 16 சேனல்கள். கூட்டினால் ஒன்றரை நொடிக்கு மேல். அதற்குள் பேசுகிறவர் இரண்டு மீட்டர் நடந்து இரும்புத் தீத்தடுப்புக் கதவைத் தாண்டியிருப்பார். குரல் பாக்கெட்டோ 20 மில்லிசெகண்டுக்கு ஒன்று போயாக வேண்டும்.

அதனால் எங்கள் கட்சி 5 மட்டும், அதிலும் சேனல் பட்டியலைச் சுருக்கி. 36, 40, 44, 48, 149, 153, 157, 161 என்ற எட்டே 20 மெகாஹெர்ட்ஸ் சேனல்களில் பெரும்பாலான கட்டடங்கள் அடங்கிவிடும். ஆக்சஸ் பாயிண்டில் எந்தச் சேனல்களோ ஹேண்ட்செட்டிலும் அவை மட்டுமே. 40, 80 மெகாஹெர்ட்ஸ் அகலம் குரலுக்கு வேண்டாத ஆடம்பரம். தள்ளியிருக்கும் ஆக்சஸ் பாயிண்டுகளில் மறுபயன்பாட்டுக்கு இருக்கும் சேனலைத்தான் தின்னும்.

ஆனால் 2.4-ஐக் கணக்கில் வைத்து அந்தக் காலத்தில் ஆக்சஸ் பாயிண்ட் மாட்டிய கட்டடத்தில், ஒரே நாளில் 5-க்கு மாறினால் மாடிப்படியிலும் லிஃப்ட் வாசலிலும் ஓட்டை விழும். முதலில் அளந்து பாருங்கள். நடக்கும் வழியெங்கும் -67 டிபிஎம்முக்குக் குறையாமல் ஒரு ஆக்சஸ் பாயிண்ட், அதையொட்டி இன்னொன்று கேட்க வேண்டும். ஆக்சஸ் பாயிண்ட் கூட்ட வழியில்லாத பெரிய திறந்த குடோனுக்கு 2.4 மட்டும் என்பதும் தவறில்லை. அங்கே 1, 6, 11 தவிர வேறு வேண்டாம். இந்தியாவில் 13 வரை அனுமதி உண்டு என்றாலும், அமெரிக்க நாட்டுக் குறியீட்டோடு வந்த ஹேண்ட்செட்டுக்கு 12, 13 கேட்காது; குறிப்பிட்ட மூலையில் மட்டும் போன் செத்துக் கிடக்கும்.

ஆக்சஸ் பாயிண்டே 5-க்குத் தள்ளிவிடும் பேண்ட் ஸ்டியரிங் போதாதா? லேப்டாப்புக்குப் போதும். 2.4-இல் வரும் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இழுத்தடிப்பதுதான் பெரும்பாலும் அதன் உத்தி. பேச்சின் நடுவே இடம் மாறத் துடிக்கும் ஹேண்ட்செட்டிடம் அந்த விளையாட்டு எடுபடாது. குரலுக்கான எஸ்எஸ்ஐடியில் (வைஃபை நெட்வொர்க்கின் பெயர்) அதை அணைத்துவிட்டு, அந்த எஸ்எஸ்ஐடியை 5-இல் மட்டும் விடுவது மேல்.

ரோமிங் அளவுக்கு வருவோம், அதாவது சிக்னல் எவ்வளவு குறைந்ததும் ஹேண்ட்செட் அடுத்த ஆக்சஸ் பாயிண்டைத் தேட வேண்டும் என்பதற்கு. -60-இல் தேடச் சொன்னால், நடு வராந்தாவில் நிற்பவரின் போன் இரண்டு ஆக்சஸ் பாயிண்டுக்கு இடையே பந்தாடும். -80 என்றால் பழையதையே பிடித்துத் தொங்கி, மறு அனுப்பலிலேயே குரல் சிதையும். -70 நல்ல தொடக்கம். ஐபோனும் -70-இல்தான் தேடத் தொடங்குகிறது. டேட்டா ஓடும்போது புதியது 8 டெசிபலும், சும்மா இருக்கும்போது 12 டெசிபலும் கூடுதலாக இருந்தால்தான் மாறும். அந்த வித்தியாசத்தை 3, 4 என்று குறைத்தால் பந்தாட்டம் திரும்பி வரும்.

ஆக்சஸ் பாயிண்டின் பவரும் இதில் சேர்த்தி. ஹேண்ட்செட் 14 டிபிஎம்மில் பேச, ஆக்சஸ் பாயிண்ட் 20-இல் கத்தினால், போனில் சிக்னல் கட்டை நிறைய இருக்கும். எதிராளிக்கு மட்டும் இவர் குரல் கேட்காது. இரண்டையும் சமமாக்குங்கள். 12 எம்பிபிஎஸ்-க்குக் கீழான வேகங்களையும் அணையுங்கள்.

ஆக்சஸ் பாயிண்ட் மாறுவதை விரைவாக்கும் 802.11ஆர் வேண்டுமா என்பது பாதுகாப்பு முறையைப் பொறுத்தது. ஒரே பாஸ்வேர்டு வைத்த டபிள்யூபிஏ2 என்றால் இடம் மாற எட்டு ஃபிரேம் (வைஃபை செய்தித் துண்டு). ஆர் அதை நான்காக்கும், காதுக்கு வித்தியாசம் அரிது. சர்வர் மூலம் அடையாளம் சரிபார்க்கும் 802.1எக்ஸ் என்றால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் அந்த ரேடியஸ் சர்வர்வரை போய்வர வேண்டும். சில நூறு மில்லிசெகண்ட் போய்விடலாம். அங்கே ஆர்தான் முதல் தேர்வு. சர்வர் பயணத்தை, முதலில் கிடைத்த சாவியை மற்ற ஆக்சஸ் பாயிண்டுகளுக்கும் பயன்படுத்தும் ஓகேசியும் மிச்சம் பிடிக்கும், ஆனால் நான்கு ஃபிரேம் சாவிப் பரிமாற்றம் மிஞ்சும். பக்கத்து ஆக்சஸ் பாயிண்ட் பட்டியலைத் தரும் 802.11கே-வையும் கூடவே போடுங்கள், தேடல் சுருங்கும்.

பழைய ஹேண்ட்செட்டுகளில் சில, ஆர் போட்ட நெட்வொர்க்கில் சேரவே மறுக்கும். அவற்றுக்கு ஆர் இல்லாத தனி எஸ்எஸ்ஐடி கொடுத்துவிடுங்கள்.