கெம்பஸுக்கு முன் கிடைக்கும் மாதங்கள்: டியூஷனா, இங்கிலீஷ் கிளாஸா, வாசிகசாலையா?

அக்கா மகள் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாள். பெறுபேறு வர வேண்டும், அப்புறம் பல்கலைக்கழக அனுமதிக்கான வெட்டுப்புள்ளி, அதற்கும் அப்புறம்தான் கெம்பஸ். இலங்கையில் அந்தக் காத்திருப்பு மாதக்கணக்கில் இழுக்கும். "மாமா, அதுவரைக்கும் நான் எந்தக் கிளாஸுக்குப் போறது?" என்று கேட்டாள். ஹட்டன் டவுனில் ஓர் இங்கிலீஷ் கோர்ஸ் இருக்கிறது. பழைய டியூஷன் சேர் கெம்பஸ் போகிறவர்களுக்கென்று புதிதாக ஒரு வகுப்புத் தொடங்கியிருக்கிறார். லீவில் வரும் கெம்பஸ் அண்ணாமார் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஒன்றுக்கும் போகாமல் டவுன் வாசிகசாலையில் உட்காரவும் செய்யலாம்.

நான்குக்கும் நான் கேட்டது ஒரே கேள்வி. அங்கே போனால் வாரத்துக்கு எத்தனை பக்கம் நீ சொந்தமாக எழுதுவாய், அதில் எத்தனை பக்கம் திருத்தி உன் கைக்குத் திரும்பி வரும்?

இந்தக் கேள்வி எனக்குப் பட்டுத்தான் வந்தது. கலைப்பீடத்தில் என் முதல் ஒப்படை, அதாவது நாமே எழுதிக் கொடுக்க வேண்டிய கட்டுரை, 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களைப் பற்றியது. முதலாவதில் தனியாருடைய காணிகள் போயின, இரண்டாவதில் கம்பெனித் தோட்டங்கள் அரசுக்குப் போயின. இரண்டும் தோட்டத்து மக்களை எப்படி வேறு வேறு விதமாகப் பாதித்தன என்று கேட்டிருந்தார்கள். என்னிடம் டியூஷன் நோட்ஸில் ஐந்து குறிப்புகள் மனப்பாடமாக இருந்தன. அவற்றையே நான்கு பக்கத்துக்கு நீட்டினேன். திரும்பி வந்தபோது ஓரத்தில் ஒரு வரிதான் இருந்தது: "இதில் நீர் சொல்வது எது?" லயத்துக் காம்பராவில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், அந்தக் காலத்தைக் கடந்து வந்த பாட்டியிடம் ஒரு சொல் கேட்டிருந்தாலே அரைப் பக்கம் சொந்தமாக வந்திருக்கும். அது தோன்றவே இல்லை.

ஆகவே டியூஷனைப் பற்றி முதலில். அதை நான் குறை சொல்ல மாட்டேன். பாஸ்ட் பேப்பர் செய்வித்து, எந்தக் கேள்விக்கு எத்தனை புள்ளி என்று காட்டி, எங்களைக் கெம்பஸ் வாசல் வரை கொண்டுபோய் விட்டது அதுதான். ஆனால் அங்கே எழுதுகிறவர் சேர், பிள்ளை வெறும் பேனா. அவர் சொல்லச் சொல்ல கொப்பி நிறையும். பரீட்சை முடிந்த பிறகும் அதையே தொடர்வது, கொழுந்து எடுத்து முடித்த மலையில் மறுநாளே கூடையோடு போய் நிற்பது போல.

இங்கிலீஷ் கோர்ஸ் கொஞ்சம் சிக்கலான விஷயம். உயர்தரத்தில் பொது ஆங்கிலத் தாளின் புள்ளி, கெம்பஸ் அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளியில் சேராது. அதனால் இரண்டு வருடமும் அதை யாரும் திறந்து பார்ப்பதில்லை. உள்ளே போன பிறகு, தமிழ் மொழிமூலம் படித்தாலும் உசாத்துணை நூல்களில் பெரும்பங்கு ஆங்கிலத்தில்தான் கிடக்கிறது. அப்போதுதான் அடி விழும். ஆகவே ஆங்கிலம் வேண்டும், சந்தேகமில்லை. எந்த ஆங்கிலம் என்பதுதான் கேள்வி. டவுன் வகுப்புகளில் பல 'பேசும் ஆங்கிலம்' விற்கின்றன: கடையில் சாமான் வாங்கும் உரையாடல், இடைவெளி நிரப்புதல். கெம்பஸில் முதல் வருடம் தேவைப்படுவது, இரண்டு பக்கத்தை வாசித்து இதில் என்ன சொல்கிறார்கள் என்று ஐந்து வசனத்தில் எழுதும் திறமை. காசு கட்டுவதற்கு முன் பழைய மாணவர் ஒருவரின் கொப்பியை வாங்கிப் பாருங்கள். அதில் ஒரு முழுப் பந்தியும், அதன்மேல் சிவப்பு மையும் இருந்தால் கட்டலாம். அக்கா கொழுந்து எடுக்கிறவள். கொழுந்தின் நிறை குறைந்த நாளில் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். கோர்ஸ் கட்டணம் எத்தனை நாள் பேருக்குச் சமம் என்று கணக்குப் பார்க்காமல் நான் யோசனை சொல்ல முடியாது.

அண்ணாமார் வகுப்புக்குக் கட்டணம் இல்லை. ஒப்படை என்றால் என்ன, விரிவுரையில் குறிப்பு எப்படி எடுப்பது என்று இப்போது அதற்குள் இருக்கிறவர்கள் சொல்வது பெரிய விஷயம். அவர்களுக்குக் கெம்பஸ் திறந்ததும் வகுப்பு நின்றுவிடும், அதுதான் குறை. அதை நம்பி மாதங்களைத் திட்டமிட முடியாது. ஆனால் ஒருவரைப் பிடித்துவைத்தால் வட்சப்பில் திருத்தம் வாங்கலாம்.

வாசிகசாலைக்குத்தான் என் மனம் சாய்கிறது. பஸ் காசு போதும். வீரகேசரிப் பத்திரிகையின் ஆசிரியர் தலையங்கத்தை வாசித்து, தாளை மூடிவைத்து, ஐந்து வசனத்தில் எழுதி, மறுபடி திறந்து ஒப்பிட வேண்டும். பள்ளியில் கிரகித்தல் என்று செய்தோமே, அதேதான். கேள்விகளைத்தான் நாமே போட்டுக்கொள்கிறோம். 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் ஈழத்து நூல்களும் பழைய சஞ்சிகைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. டவுனில் சிக்னல் நன்றாக இருக்கும்போது இறக்கி வைத்துக்கொண்டால் லயத்தில் வாசிக்கலாம். என் கேள்வியின் இரண்டாவது பாதியில்தான் வாசிகசாலை தோற்கிறது. எழுதலாம், திருத்த ஆள் கிடையாது.

உயர்தரம் கைகொடுக்காதவர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 1980இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகத்தில் அடித்தளப் பாடநெறி முடித்துப் பட்டப்படிப்புக்குள் போகலாம். அச்சிட்ட பாடங்களைத் தானாக வாசித்து ஒப்படை எழுதுவதுதான் அங்கே படிப்பு. என் கேள்விக்கு இதைவிட நேரான பதில் வேறெங்கும் கிடைக்கவில்லை.

கடைசியில் அக்கா மகளுக்குச் சொன்னது இது: புது டியூஷன் வேண்டாம். கொப்பி பார்த்துத் திருப்தி என்றால் சனிக்கிழமை மட்டும் இங்கிலீஷ். வாரத்தில் இரண்டு நாள் வாசிகசாலை, மூன்று பக்கம் தமிழில். ஆம், தமிழில்தான். சொந்த மொழியில் ஒரு பந்தியைக் கட்டத் தெரியாதவருக்கு ஆங்கில இலக்கணம் வந்தும் பந்தி வராது என்பது என் அனுபவம். திருத்த நானும் அந்த ஞாயிறு வகுப்பு அண்ணா ஒருவரும்.

முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பினாள். மொத்தம் மூன்று வசனம். ஒவ்வொன்றும் 'என்பதுடன்', 'ஆகையினால்' என்று வழுக்கிக்கொண்டே போய் ஏழாவது வரியில்தான் முற்றுப்புள்ளி வைக்கிறது. வெட்டி அனுப்பினேன். அடுத்த பக்கத்தில் வசனங்கள் குட்டையாக இருந்தன. ஆனால் எல்லாமே 'எனவே' என்று தொடங்கியிருந்தன.