பரங்கி பிஸ்கட்டா, வள்ளிக்கிழங்கு வற்றலா?

அக்டோபர் வந்தால் அமெரிக்கக் கடை வாசல்களில் பரங்கிக்காய் குவிந்துவிடும். சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கும் அதுதான் அறுவடைக் காலம். நாய்க்குத் தின்பண்டம் செய்ய இரண்டில் எது?

வேலை குறைவு என்று பார்த்தால் கிழங்குதான். கழுவி, கால் அங்குலக் கனத்தில் நீளவாக்கில் நறுக்கி, 120 டிகிரி செல்சியஸ் ஓவனில் சுமார் மூன்று மணி நேரம், இடையில் ஒருமுறை திருப்பிப்போட்டு வாட்டினால் நன்றாக மெல்லக்கூடிய வற்றல் தயார். மாவும் முட்டையும் தேவையில்லை. ஆனால் மாவுச்சத்து அதிகம். நீரிழிவு உள்ள நாய்க்கும், ஆக்சலேட் கல் (சிறுநீர்ப் பாதையில் உண்டாகும் ஒருவகைக் கல்) வந்த நாய்க்கும் மருத்துவரைக் கேட்காமல் தர வேண்டாம். பச்சையாகவும் கூடாது, குடலில் அடைத்துக்கொள்ளும்.

பரங்கியில் பெரும்பகுதி நீர். வெந்த காய் 100 கிராமில் சுமார் 20 கலோரிதான்; கிழங்கில் ஏறக்குறைய நான்கு மடங்கு. ஒரு கப் விழுது, ஒரு முட்டை, கெட்டியாகப் பிசையுமளவு ஓட்ஸ் மாவு சேர்த்து, 180 டிகிரியில் அரை மணி நேரம் சுட்டால் பிஸ்கட். மாவு சேர்ந்ததும் அந்தக் கலோரி லாபம் போய்விடுகிறது என்பதுதான் வேடிக்கை! விழுதை டின்னில் வாங்கினால் லேபிளைப் படியுங்கள். ‘பை’ (pie) என்ற இனிப்புப் பண்டத்துக்கான கலவையில் சர்க்கரையும் ஜாதிக்காயும் இருக்கும். ஜாதிக்காய் நாய்க்கு ஆகாது. அக்டோபர் கடைசியில் வரும் ஹாலோவீன் பண்டிகைக்குச் செதுக்கி வைத்த காயும் வேண்டாம், பூஞ்சை பிடித்திருக்கும்.

கடித்து மெல்லத் துடிக்கும் இளம் நாய்க்கு வற்றலே என் தேர்வு. பருத்த நாய்க்கு பிஸ்கட்டும் வேண்டாம். வெறும் பரங்கி விழுதை ஐஸ் தட்டில் உறையவைத்துக் கொடுக்கலாம். எதுவானாலும் அன்றாடக் கலோரியில் 10 சதவீதத்துக்குள்.