டயாபெப்277: கணையத்துக்கான ஊசியும் வறண்ட வாயும்

மருந்துக் கடைக்கு ஒருநாளும் வந்து சேராத மருந்துக்கு மதிப்புரை எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கலாம். ஆனால் முதல் வகை நீரிழிவுக்குப் பெப்டைடு (புரதத்தின் சிறு துண்டு) சிகிச்சை என்று யார் பேச்செடுத்தாலும் அது டயாபெப்277 என்ற பெயரில் வந்து நிற்கிறது. 1990களின் தொடக்கத்தில் சுண்டெலிகளிடம் பரிசோதிக்கப்பட்டு, 2014இல் கைவிடப்பட்ட இந்த ஊசியைப் பற்றிக் கணையத்தை முன்வைத்து நிறையவே எழுதிவிட்டார்கள். உமிழ்நீர்ச் சுரப்பிகளில் அது என்ன செய்தது என்பதை வைத்துத்தான் நான் அதை எடைபோட விரும்புகிறேன்.

இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனத்தில் இருன் கோஹெனின் குழு உருவாக்கிய பெப்டைடு இது. மனித உடலிலேயே உள்ள ஹெச்.எஸ்.பி.60 என்ற வெப்ப அதிர்ச்சிப் புரதத்தின் 437ஆம் இடத்திலிருந்து 460ஆம் இடம் வரையுள்ள 24 அமினோ அமிலங்களை எடுத்து, அவற்றில் இருந்த இரண்டு சிஸ்டீன்களுக்குப் பதிலாக வாலினை வைத்து மருந்தை நிலைப்படுத்தியிருந்தார்கள். நோய் எதிர்ப்பாற்றலை முழுவதுமாக அடக்கிவிடாமல், இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தாக்கும் டி செல்களின் போக்கை மட்டும் திருப்பிவிடுவதே நோக்கம். தோலுக்கடியில் 1 மில்லிகிராம் போட்டால் போதும். அதுவும் மாதக்கணக்கான இடைவெளியில். தினமும் பல முறை இன்சுலின் ஊசி குத்திக்கொள்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை காட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஆய்வுகளுக்குப் பயன்பட்ட என்.ஓ.டி. சுண்டெலி ஜப்பானில் உருவாக்கப்பட்ட இனம். அதற்குத் தானாகவே நீரிழிவு வரும் என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. கணையத்தில் நிகழ்வது போலவே அதன் உமிழ்நீர்ச் சுரப்பிகளுக்குள்ளும் லிம்போசைட்டுகள் என்ற வெள்ளை அணுக்கள் குவிந்து, நாளடைவில் உமிழ்நீர் குறைந்து, மனிதருக்கு வரும் ஷோக்ரென் நோயை ஒத்த நிலை உண்டாகும் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று எண்ணிவிடக் கூடாது. மரபணுப் பகுதியொன்றை மாற்றி நீரிழிவே வராதபடி வளர்த்த கிளை இனத்திலும் சுரப்பி அழற்சி தொடர்ந்து வருகிறது. ஆகவே கணையத்தைக் காக்கும் மருந்து வாயையும் காத்தே தீரும் என்று நம்ப இடமில்லை. தனியாகச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

அப்படிச் சோதித்தவர்கள் நார்வேயின் பெர்கன் நகரைச் சேர்ந்த நிக்கோலாஸ் டெலாலூ, ரோலண்ட் யான்சன் உள்ளிட்ட குழுவினர். 2008இல் வெளியான அந்த ஆய்வில், 7 வார வயதுள்ள சுண்டெலிகளுக்கு முழு ஹெச்.எஸ்.பி.60 புரதத்தையோ அதன் 437–460 பெப்டைடையோ செலுத்தி, 21ஆம் வாரத்தில் சுரப்பிகளைப் பார்த்தார்கள். இரண்டு குழுக்களிலும் திசுச் சேதம் குறைந்திருந்தது. முழுப் புரதம் பெற்றவற்றில் பாதிச் சுண்டெலிகளுக்குச் சுரப்பு இயல்பாகவே இருந்தது.

இங்கேதான் நிதானம் வேண்டும். ஷோக்ரென் நோயில் நுண்ணோக்கியில் தெரியும் அழற்சியின் அளவும் வாயில் ஊறும் உமிழ்நீரின் அளவும் எப்போதும் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. நோயாளிக்கோ சோற்றை விழுங்க முடிகிறதா, இரவில் நாக்கு அண்ணத்தில் ஒட்டாமல் தூங்க முடிகிறதா என்பதுதான் கணக்கு. திசுப்படத்தை அவர் என்ன செய்வார்? அதோடு, 7 வாரம் என்பது சுரப்பி நோய் முற்றுவதற்கு வெகுமுன்பே உள்ள வயது. வாய் வறண்டு, பற்சொத்தை பெருகிய பிறகே மருத்துவரிடம் போகும் மனிதருக்கு இந்த முடிவை அப்படியே பொருத்த முடியாது. அது தடுப்புக்கான சான்று, சிகிச்சைக்கான சான்றல்ல. நீரிழிவு நோயாளியின் வாய் வறட்சிக்குக் கட்டுப்படாத சர்க்கரையே காரணமாக இருக்கக்கூடும் என்பதும், அந்த வறட்சிக்கு இத்தகைய பெப்டைடால் ஆகக்கூடியது எதுவுமில்லை என்பதும் வேறு.

மனிதர்களிடம் நடந்த கதை தொடக்கத்தில் நம்பிக்கையூட்டியது. 2001இல் லான்செட் இதழில் வந்த சிறிய ஆய்வில், பத்து மாதங்களுக்குப் பின் உடல் தானே சுரக்கும் இன்சுலினைக் காட்டும் சி-பெப்டைடின் அளவு, மருந்து பெற்ற 15 பேரிடம் சராசரியாக லிட்டருக்கு 0.93 நானோமோல், வெற்றூசி பெற்ற 16 பேரிடம் 0.26. இவ்வளவு சிறிய குழுவை வைத்துக்கொண்டு எழுந்த ஆரவாரம் எனக்கு அப்போதே மிகையாகத்தான் பட்டிருக்கும். குழந்தைகளிடம் பின்னர் செய்த ஆய்வில் பயன் தெரியவில்லை. 457 பேர் பங்கேற்ற மூன்றாம் கட்டச் சோதனையில், இன்சுலின் சுரப்பைத் தூண்டும் குளுக்ககானைக் கொடுத்து சி-பெப்டைடை அளந்தபோது மருந்து வென்றது. உணவு கொடுத்து அளந்தபோது வெல்லவில்லை. அந்த முரண்பாட்டைப் பலர் விளக்க முயன்றுகொண்டிருந்த வேளையில், மருந்தை வைத்திருந்த ஆண்ட்ரோமிடாவை வாங்கிய ஹைப்பீரியன் நிறுவனம், யாருக்கு எந்த ஊசி என்ற மறைக்கப்பட வேண்டிய விவரத்தை ஆண்ட்ரோமிடாவின் ஊழியர்கள் சிலர் முன்கூட்டியே பெற்றுப் பகுப்பாய்வைத் தங்களுக்குச் சாதகமாக வளைத்ததாக 2014 செப்டம்பரில் அறிவித்தது. ஆய்வுக் கட்டுரை 2015இல் திரும்பப் பெறப்பட்டது.

பாதுகாப்பில் குறை சொல்ல அதிகமில்லை, பயனில்தான் குறை. நீரிழிவு மருந்தாக இதற்கு நான் மதிப்பெண் தர மாட்டேன். நோயைத் தள்ளிப்போடும் முதல் மருந்து என்று 2022இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற டெப்லிசுமாப் பெப்டைடு அல்ல, எதிர்ப்புப் புரதம் (ஆன்டிபாடி). பெர்கன் ஆய்வு மட்டும் இந்த முறைகேட்டில் சிக்காமல் தனியே நிற்கிறது. ஆண்ட்ரோமிடாவின் நோயாளிக் கணக்கோடு அதற்குத் தொடர்பில்லை, சுண்டெலியின் சுரப்பியை அளந்தவர்களும் வேறு ஆட்கள். ஆனாலும் வாய் வறண்டவருக்கு மருத்துவர் இன்று எழுதித் தருவது, எஞ்சியிருக்கும் சுரப்பியைத் தூண்டிவிடும் பைலோகார்பினையோ செவிமெலினையோதான்.