மேஜிக் கீவேர்டுகள்: பல ஆண்டு ஆடிய பிறகும் தடுக்கி விழும் இடங்கள்

மேஜிக்: தி கேதரிங் என்னும் கார்டு விளையாட்டு 1993-இல் வெளிவந்தது. விதிநூலின் 702-ஆம் பிரிவு முழுக்கக் கீவேர்டுகளுக்குத்தான், அதாவது கார்டின் திறனை ஓரிரு சொல்லில் சொல்லும் பெயர்களுக்கு. புது செட்டுகள் (கார்டுத் தொகுப்புகள்) வர வர அது நீண்டுகொண்டே போகிறது. ஆனாலும் ஆட்டம் நின்று வாக்குவாதம் ஆவது பெரும்பாலும் எல்லோருக்கும் மனப்பாடமான பழைய கீவேர்டுகளில்தான். பெயர் நினைவிருக்கும். அது டார்கெட்டை (குறிவைப்பதை) தடுக்கிறதா, டிஸ்ட்ராயை (அழிப்பதை) தடுக்கிறதா, டேமேஜோடு சேர்ந்து நடக்கிறதா என்பது மறந்துபோயிருக்கும்.

ஹெக்ஸ்ப்ரூஃபையே எடுத்துக்கொள்ளுங்கள். எதிராளியின் ஸ்பெல்லும் (அவர் போடும் கார்டும்) எபிலிட்டியும் (கார்டின் திறனும்) அந்தக் கிரீச்சரை, அதாவது சண்டையிடும் உயிரினக் கார்டை, டார்கெட் செய்ய முடியாது, அவ்வளவுதான். 'எல்லாக் கிரீச்சரையும் டிஸ்ட்ராய் செய்' என்னும் ராத் ஆஃப் காட் யாரையும் டார்கெட் செய்வதில்லை, ஆகவே ஹெக்ஸ்ப்ரூஃப் கிரீச்சரும் சாகும். டிஸ்ட்ராய் ஆகாத இன்டிஸ்ட்ரக்டிபிள் இருந்தால் ராத்துக்குத் தப்பலாம், எவ்வளவு சிறிய டேமேஜாலும் கொல்லும் டெத்டச்சுக்கும் தப்பலாம். ஆனால் ஆட்டத்திலிருந்து ஒதுக்கிவைக்கும் எக்ஸைல், வைத்திருப்பவரே பலியிடும் சாக்ரிஃபைஸ், டஃப்னஸை (டேமேஜைத் தாங்கும் அளவை) 0 ஆக்கும் மைனஸ் எஃபெக்ட் எதற்கும் அது காவல் இல்லை. எல்லாக் கிரீச்சருக்கும் இப்படி மைனஸ் தரும் டாக்ஸிக் டெல்யூஜ் இந்த இரண்டு கீவேர்டையும் ஒருசேரத் தாண்டிவிடும்.

2021-இல் ஸ்ட்ரிக்ஸ்ஹேவன் செட்டில் வந்த வார்டைப் பலரும் 'லேசான ஹெக்ஸ்ப்ரூஃப்' என்றே பழகிவிட்டார்கள். டார்கெட் செய்யும் எதிராளி குறித்த விலையைக் கொடுக்காவிட்டால் அவர் ஸ்பெல்லைக் கவுன்டர் (ரத்து) செய்வது வார்டு. உண்மையில் இரண்டும் வேலை செய்யும் விதமே வேறு. ஹெக்ஸ்ப்ரூஃப் எப்போதும் இயங்கிக்கொண்டிருப்பது. வார்டோ, டார்கெட் ஆகும் அந்தக் கணத்தில் டிரிகர் ஆவது, அதாவது தூண்டப்படுவது. எதிராளி உங்கள் கிரீச்சர்மேல் அதை டிஸ்ட்ராய் செய்யும் மர்டர் போடுகிறார் என்று வையுங்கள். பதிலுக்கு அதற்கு ஹெக்ஸ்ப்ரூஃப் கொடுத்தால் மர்டருக்கு டார்கெட் செல்லாததாகி, ஸ்பெல் வீணாகும். அதே இடத்தில் வார்டு கொடுத்தால் ஒரு பயனும் இல்லை, டார்கெட் ஆகும் கணம் ஏற்கெனவே கடந்துவிட்டது. கவுன்டர் செய்ய முடியாத ஸ்பெல்லுக்கு எதிராகவும் வார்டு நிற்காது.

டெத்டச்சும், பிளாக் செய்தவரைக் கொன்று மிஞ்சும் டேமேஜை எதிராளிக்கே கொண்டுபோகும் டிராம்பிளும் சேரும்போதுதான் கணக்கு மிக அதிகமாகத் தப்பாகிறது. கொலாஸல் டிரெட்மா 6/6 (பவர் 6, டஃப்னஸ் 6), டிராம்பிள் உண்டு. இரண்டு 5/5 கிரீச்சர்கள் அதை பிளாக் செய்தால் இருவருக்கும் சாகும் அளவு ஒதுக்கவே 10 டேமேஜ் வேண்டும், எதிராளிக்கு ஒன்றும் போகாது. அதற்கு டெத்டச் கொடுத்துவிட்டால் ஆளுக்கு 1 டேமேஜ் ஒதுக்கினால் போதும், மீதி 4 நேராக எதிராளிக்கு. பிளாக் செய்த கிரீச்சர் இன்டிஸ்ட்ரக்டிபிளாக இருந்தாலும் ஒதுக்க வேண்டியது 1-தான். அது சாகாது, ஆனால் மீதியைத் தடுத்து நிறுத்தவும் முடியாது. பல ஆண்டு ஆடியவர்கள்கூட ஒத்துக்கொள்ளத் தயங்கும் இடம் இது.

டேமேஜ் ஒதுக்குவதில் இன்னொரு மாற்றமும் உண்டு. ஒரு கிரீச்சரைப் பலர் பிளாக் செய்தால் முன்பு அவர்களை வரிசைப்படுத்தியாக வேண்டும். 2024 நவம்பரில் ஃபவுண்டேஷன்ஸ் செட்டோடு அந்த விதி நீக்கப்பட்டது. பழைய வீடியோ பார்த்துக் கற்றவர்கள் இன்னமும் வரிசை கேட்பார்கள்.

லைஃப்லிங்க் டேமேஜோடு அதே நொடியில் லைஃபை ஏற்றும். உங்களிடம் 2 லைஃப் இருக்கிறது. இரண்டு 3/3 கிரீச்சர்கள் அட்டாக் செய்கின்றன. ஒன்றை உங்கள் 3 பவர் லைஃப்லிங்க் கிரீச்சர் பிளாக் செய்கிறது, மற்றதன் 3 டேமேஜ் உங்கள்மேல் விழுகிறது. 3 இறங்கி 3 ஏறி 2-லேயே நிற்பீர்கள், சாகமாட்டீர்கள். 1994-இன் லெஜண்ட்ஸில் வந்த ஸ்பிரிட் லிங்க் அப்படியல்ல. அது டேமேஜுக்குப் பிறகு டிரிகர் ஆவது, லைஃப் ஏறுமுன்பே ஆட்டம் முடிந்துவிடும். அதற்கு மாறாக, ஸ்பிரிட் லிங்க் இரண்டு போட்டால் லைஃப் இரட்டிப்பாக ஏறும், லைஃப்லிங்க் இரண்டு இருந்தாலும் ஒன்றுக்குச் சமம். வாம்பயர் நைட்ஹாக் தன் 2 பவரோடு ஒரு 7/7-ஐ டெத்டச்சால் கொன்றாலும் ஏறும் லைஃப் 2 மட்டுமே.

லேண்ட்ஃபால், ரெய்ட் போன்றவை கீவேர்டே அல்ல. சாய்ந்த எழுத்தில் அச்சான வெறும் அடையாளப் பெயர்கள். அந்தச் சொல்லை மறைத்துவிட்டுப் படித்தாலும் கார்டு அதே வேலையைச் செய்யும். ஃப்ளையிங்கை அப்படி மறைக்க முடியாது.

கிரீச்சர் வகையில் கவனிக்க வேண்டிய சொல் 'மற்ற'. காப்ளின் சீஃப்டன் மற்ற காப்ளின்களுக்குத்தான் +1/+1-உம் ஹேஸ்டும் (வந்த சுற்றிலேயே அட்டாக் செய்யும் திறனும்) தரும். 2/2 ஆன சீஃப்டன் இரண்டு இருந்தால் ஒன்றையொன்று தூக்கி 3/3 ஆகும். சேஞ்ச்லிங் உள்ள கார்டு கையிலும், செத்த கார்டுகள் போகும் கிரேவ்யார்டிலும்கூட எல்லா வகையுமாகவே கணக்கில் வரும்.

அடைப்புக்குறிக்குள் வரும் விளக்க வரி ஞாபகத்துக்கு மட்டுமே, அதற்கு விதியின் பலம் கிடையாது. பழைய கார்டு என்றால் அச்சில் இருப்பதை நம்பி ஆடாதீர்கள். கேதரர் தளத்தில் அந்தக் கார்டைத் தேடி, இப்போதைய ஆரக்கிள் (அதிகாரபூர்வ) வாசகத்தையும் கீழே உள்ள ரூலிங்குகளையும் (விதி விளக்கங்களையும்) டெக்கில் சேர்க்கும்போதே படித்துவிடுங்கள்.