ரிலே வாங்கப் போகிறவர்கள் மல்டிமீட்டரோடு போங்கள்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளின் அறிவியல் கண்காட்சிக்காகப் போக்குவரத்து விளக்கு செய்ய உட்கார்ந்தோம். மின்னணு உதிரிபாகங்கள் விற்கும் சென்னை ரிச்சி தெருவின் கடை ஒன்றில் நான் ஏமாந்த கதை இது. கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. ரசீது வாங்காமல் வந்தவன் பெயரைச் சொல்லி எதை நிரூபிப்பது?

ரிலேயை, அதாவது சுருளில் மின்சாரம் பாய்ந்தால் காந்தமாகி இயங்கும் சுவிட்சை, மட்டும் வைத்தே செய்ய வேண்டும் என்பது ஆசிரியையின் நிபந்தனை. எனக்கு அது பிடித்திருந்தது. 'டக்' என்ற சத்தத்தோடு விளக்கு மாறுவதைப் பார்த்தால் பிள்ளைகளுக்குச் சட்டென்று விளங்கிவிடும். மூன்று 12 வோல்ட் ரிலேக்கள்; ஒவ்வொன்றின் சுருளுக்கும் இணையாக, மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர். மின்சாரம் நின்ற பிறகும் கெபாசிட்டர் சுருளைச் சிறிது நேரம் பிடித்து வைத்திருக்கும். அது வடிந்ததும் ரிலே விட்டுவிட, அடுத்த விளக்குக்கு முறை வரும். சுருளின் தடை 400 ஓம் என்றால் ஏறத்தாழ நான்கு விநாடி தாமதம் கிடைக்கும்.

கிடைத்ததோ ஒரு விநாடி. பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் கண்ணாமூச்சி ஆடின. முதலில் கெபாசிட்டரைச் சந்தேகித்தேன். பிறகு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, மகளின் பற்றவைப்பைக் குறை சொன்னேன். அவள் முகம் சுண்டிப்போனது. ஒன்றும் பேசாமல் எல்லா இணைப்புகளையும் பிரித்து மறுபடி பற்றவைத்தாள். அப்போதும் அதே ஒரு விநாடிதான். "அப்பா, இதைத் தொட்டுப் பாருங்கள்" என்றாள். ரிலேயின் மேல் விரல் வைக்க முடியவில்லை. பிளாஸ்டிக் கருகும் வாடை வேறு.

தடை, வோல்ட் எல்லாம் அளக்கும் மல்டிமீட்டரை எடுத்துச் சுருளின் தடையை அளந்தேன்: 70 ஓம். அது 5 வோல்ட் ரிலேயின் அளவு. தடை குறைவு என்பதால்தான் கெபாசிட்டர் அத்தனை சீக்கிரம் வடிந்திருக்கிறது. 12 வோல்ட் கொடுத்ததால் தாங்க வேண்டியதைப் போல ஆறு மடங்கு மின்திறனைத் தின்று கொதித்திருக்கிறது. டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோது, பளிச்சென்ற '12' என்ற அச்சுக்கு அடியில் மங்கலாக '05' தெரிந்தது. மூன்றிலும் அப்படித்தான்.

மறுநாள் எடுத்துக்கொண்டு போனேன். ரிலேயைக் கையில்கூட வாங்கவில்லை அந்த ஆள். "சால்டரிங் வைத்த பொருளைத் திரும்ப எடுக்க மாட்டோம், சார். நீங்கள் தப்பாக இணைத்திருப்பீர்கள்" என்றார். ரசீது கேட்டு வாங்காதது என் மடமை. துண்டுச் சீட்டில் மொத்தத் தொகை மட்டும் இருந்தது. மாதிரி எண் எழுதிய ரசீது இருந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அங்கேயே நின்று அழைத்திருப்பேன். தொண்ணூறு ரூபாய்க்காக அல்ல. செய்யாத தப்புக்குப் பிள்ளையைக் கடிந்துகொள்ள வைத்தாரே, அதற்காக.

இனி வாங்குகிறவர்கள் காசு கொடுக்குமுன் சுருளின் இரு கால்களிலும் மல்டிமீட்டரை வையுங்கள். இந்தச் சிறிய நீலப் பெட்டி ரிலேக்களில் 5 வோல்ட்டுக்குச் சுமார் 70 ஓம், 12க்கு 400, 24க்கு 1600 காட்டும். அளக்க விடாத கடையென்றால் அடுத்த கடைக்கு நடங்கள். அந்தத் தெருவில் கடைக்கா பஞ்சம்? நேர்மையாக விற்பவர்கள் அங்கே நிறையவே இருக்கிறார்கள், நான்தான் கூட்டத்துக்குப் பயந்து முதல் கடையிலேயே நின்றுவிட்டேன்.

கண்காட்சிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பரணில் கிடந்த பழைய டிவி ஸ்டெபிலைசரைப் பிரித்து மூன்று ரிலேக்களைக் கழற்றினோம். இந்த முறை மீட்டரை மகளே பிடித்தாள். 398 என்று உரக்கப் படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.