ரைன்பெக்கா, ஹைட் பார்க்கா? ரூஸ்வெல்ட்டின் இரண்டு தபால் நிலையங்கள்

1930-களின் பெரும் பொருளாதார மந்தத்தில் வேலை கொடுப்பதற்காக அமெரிக்கச் சிற்றூர்களில் ஏராளமான தபால் நிலையங்கள் எழும்பின. பெரும்பாலானவை வாஷிங்டனில் வரைந்த பொதுவான வரைபடத்தில் வந்தவை. நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் பள்ளத்தாக்கில், ரைன்பெக், ஹைட் பார்க் என்ற ஊர்களில் உள்ள இந்த இரண்டும் அப்படியல்ல. அந்தப் பக்கத்துக்காரரான அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பழைய டச்சுக் குடியேறிகளின் வீட்டுப் பாணியில் உள்ளூர்க் கல்லால்தான் கட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார்.

எனக்கு ரைன்பெக்தான் பிடிக்கும். 1700-இல் கட்டப்பட்ட கிப் குடும்பத்து வீடு 1910-இல் எரிந்துபோனது. அந்த வீட்டை மாதிரியாக வைத்து, இடிபாட்டுக் கற்களையும் முகப்பில் சேர்த்துத் தபால் நிலையத்தைக் கட்டினார்கள். 1939 மே 1 அன்று அடிக்கல் விழாவுக்கு ரூஸ்வெல்ட்டோடு டென்மார்க் இளவரசர் ஃபிரெடரிக்கும் வந்தார். ஒரு தபாலாபீசுக்கு இளவரசர்!

ஹைட் பார்க் ரூஸ்வெல்ட்டின் சொந்த ஊர். அங்கே மாதிரி, ஜான் பார்ட் என்ற மருத்துவரின் வீடு. இந்தத் தபாலாபீசும் கல்தான், ஆனால் ரைன்பெக் அளவுக்குக் கதை இல்லை.

உள்ளே போனால் போட்டி சமம்: இரண்டிலும் ஊர் வரலாற்றைச் சுவரோவியமாகத் தீட்டியவர் ஒரே ஓவியர், ஆலின் டௌஸ். சரி, ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் ரைன்பெக்.