25 லட்சத்துக்குப் புது கிரெட்டாவா, பழைய பி.எம்.டபிள்யூ.வா?

ஓட்டிப் பார்த்ததில் ஜெயித்தது பி.எம்.டபிள்யூ. எக்ஸ் 1 தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 2018 மாடல் டீசல், 190 குதிரைத்திறன், 8 கியர் ஆட்டோமேட்டிக். பெருந்துறை தாண்டி சேலம்-கொச்சி ரோட்டில் ஒரு டேங்கர் லாரியை முந்த மிதித்தேன். என்ன ஏது என்று பார்ப்பதற்குள் லாரி பின்னால் கண்ணாடியில் தெரிந்தது. கிரெட்டா டீசலில் 116 குதிரைத்திறன்தான். அதே ரோட்டில் அதே மாதிரி மிதித்தால் சத்தம் முதலில் வருகிறது, வேகம் ஆற அமர வருகிறது. என் வீட்டுக்காரர் எக்ஸ் 1-இன் கதவைச் சாத்துகிற சத்தத்திலேயே பாதி விழுந்துவிட்டார்.

இருந்தும் நாங்கள் 2024-இல் புக் பண்ணியது கிரெட்டா. ஈரோட்டில் எங்கள் ஆடிட் ஆபீஸுக்கு வருகிறவர்கள் பலரும் "அதே காசுக்கு பி.எம்.டபிள்யூ.வே கிடைக்குதே மேடம்" என்று கேட்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் காசு. 2024 ஜனவரியில் வந்த புது கிரெட்டாவில் எஸ்.எக்ஸ். ஆப்ஷன் என்கிற உயர் ரக டீசல் ஆட்டோமேட்டிக்குக்கு அப்போது ஷோரூம் விலை 19.99 லட்சம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 10 முதல் 20 லட்சம் வரையுள்ள வண்டிக்கு ஆயுள் வரி 18 சதவீதம். அதுவே 3.60 லட்சம் ஆயிற்று. இன்சூரன்ஸும், விற்கிறவர் முன்கூட்டியே பிடிக்கிற ஒரு சதவீத வரியான டி.சி.எஸ்.ஸும் சேர்ந்து ரோட்டுக்கு வர 24½ லட்சத்தை ஒட்டி வந்தது. (டி.சி.எஸ். வருமான வரிக் கணக்கில் கழிந்துவிடும், அதைச் செலவில் எழுதாதீர்கள்.) எக்ஸ் 1-க்குக் கேட்ட விலை 19 லட்சம், வரியெல்லாம் முதல் ஓனரே கட்டியாயிற்று. "மிச்சம் அஞ்சரை லட்சம் இருக்கு, ரிப்பேர் வந்தா அதுல பாத்துக்கலாம்" என்பது வீட்டுக்காரர் வாதம். நியாயமான வாதம்தான். நானும் அதைத் தள்ளவில்லை.

ஆனால் நல்ல வண்டி கிடைக்க வேண்டுமே. முதலில் பார்த்த எக்ஸ் 1 பளபளவென்று இருந்தது, மீட்டரில் 58,000 கிலோமீட்டர். எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரைச் செருகி, வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த பழைய கோளாறுக் குறிப்புகளை (ஃபால்ட் கோடு) ஒவ்வொன்றாகத் திறந்தார். கோடு பதிவாகும்போது அந்த நேரத்துக் கிலோமீட்டரும் கூடவே பதிவாகும். ஒன்றில் 83,000 என்று இருந்தது. "ஏனுங்க அம்மிணி, 58 ஓடின வண்டிக்கு 83-ல எப்படிங்க ஃபால்ட் வரும்?" என்றார். விற்க வந்தவர் போன் வந்த மாதிரி வெளியே போய்விட்டார். இன்னொன்று சென்னை வண்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்துக்குப் பிறகு சென்னை நம்பர் என்றாலே அண்ணன் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்க்கிறார். வழக்கமாகச் சுருட்டிக்கொண்டு உள்ளே இருக்கிற பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் வண்டி முழுகினது. அந்த வண்டியில் இருந்தது. டெல்லி நம்பர் வண்டி ஒன்று இரண்டு லட்சம் குறைவாகவே வந்தது. அப்போது அங்கே 10 வருஷத்துக்கு மேல் டீசல் ஓட்ட முடியாது என்று இருந்ததால் விலை இறங்கித்தான் கிடைத்தது. அங்கே தடையில்லாச் சான்று (என்.ஓ.சி.) வாங்கி இங்கே திரும்ப வரி கட்டினால் அந்த லாபம் கரைந்துவிடும்.

நாங்கள் ஓட்டிப் பார்த்த வண்டி இதிலெல்லாம் தேறியது. ஒரே ஓனர், சர்வீஸ் ரெக்கார்டு முழுசாக இருந்தது. அதையும் விட்டதற்குக் காரணம், எங்கள் வீட்டில் கார் ஒன்றுதான்.

ஆறு வருஷ வண்டியில் ரப்பர் சாமான்களுக்கு வயசாகியிருக்கும்: புஷ், இன்ஜின் மவுண்ட், கூலன்ட் ஹோஸ். ஈரோட்டில் இது மாற்றத் தெரிந்தவர் இருக்கிறார். சாமான்தான் இருக்காது. கம்பெனி சர்வீஸுக்குக் கோயமுத்தூர் போக வேண்டும், நூறு கிலோமீட்டர். நடுவழியில் நின்றால் ரெக்கவரி வண்டி. ரன்-ஃப்ளாட் டயர் பஞ்சரானாலும் 80 கிலோமீட்டர் ஓடும், நல்லதுதான். டயர் கடையில் விசாரித்தால் ஒன்றே இருபதாயிரத்துக்கு மேல். ஐந்தரை லட்சம் இதற்கெல்லாம் போதும். ஆனால் சாமான் வருகிற வரைக்கும் அத்தையைக் கண் ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போவது? வீட்டில் இன்னொரு கார் நிற்கிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டு எக்ஸ் 1 வாங்குங்கள், நான் பொறாமைப்படுவேன்.

இன்சூரன்ஸ் பக்கம் ஒரு விஷயம்: 5 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பல கம்பெனிகள் ஜீரோ டெப் (சாமானின் தேய்மானத்தைக் கழிக்காமல் தருகிற பாலிசி) தருவதில்லை. முன் பம்பர் ஒன்று போனால் பிளாஸ்டிக்குக்குப் பாதிதான் க்ளெய்மில் வரும், மீதி நம் கையிலிருந்து.

கிரெட்டா ஒன்றும் குறையில்லாத வண்டி இல்லை. ஸ்டீயரிங் லேசாகத் திரும்புகிறது, ஊருக்குள் சுகம், நெடுஞ்சாலையில் உயிர் இல்லை. 2022-இல் குளோபல் என்கேப் என்கிற பாதுகாப்புச் சோதனை அமைப்பு மோதிப் பார்த்த முந்தைய கிரெட்டாவுக்கு 3 நட்சத்திரம். எக்ஸ் 1 2015-லேயே யூரோ என்கேப்பில் 5 வாங்கியது. இது எனக்கு உறுத்தல்தான். புதிதில் எல்லா வேரியன்ட்டிலும் 6 ஏர்பேக் என்பதோடு சமாதானம் ஆனேன். ஆனால் ஈரோட்டுச் சித்திரை வெயிலில் முதுகுக்குக் காற்று வருகிற சீட்டும், அத்தை முட்டியை மடக்காமல் ஏறி உட்காருகிற உயரமும் எந்த பிராஷரிலும் பெரிதாகப் போடாத சுகம். 3 வருஷ வாரண்டிக்குக் கிலோமீட்டர் கணக்கும் கிடையாது.

கடைசியாகக் கலர். வீட்டுக்காரருக்குக் கருப்புக் கூரை வைத்த டூயல் டோன் வேண்டுமாம். அதற்கு 15,000 ரூபாய்தான் கூடுதல் என்றார் சேல்ஸ் பையன். ஷோரூம் விலை 20 லட்சத்தைத் தாண்டியதும் ஆயுள் வரி மொத்தத்துக்கும் 20 சதவீதம் ஆகிவிடும் என்பதை அவர் சொல்லவில்லை. வரி மட்டும் 43,000 ஏறும். ஒற்றை வெள்ளைக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.